மாடி ரூம்காரரிடம் யார் கேட்டார்கள்?

தாராவியில் சர்வேக்கு வருபவர்களை மக்கள் திருப்பி அனுப்புகிறார்கள் என்று மாட்டுங்காவில் இருக்கும் நம்மவர்களே அலுத்துக்கொள்கிறார்கள். "350 சதுர அடி சும்மா கொடுத்தால் கசக்குமா?" கசக்காதுதான். ஆனால் யாருக்கு அந்த 350?

2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் தாராவிக்குள் இலவச வீடு. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர் இரண்டரை லட்சம் கட்டினால் 300 சதுர அடி, அதுவும் தாராவிக்கு வெளியே. மாடி அறையில் இருப்பவருக்கும் வெளியேதான். வாடகை மாதிரி கட்டிக் கடனைத் தீர்க்க வேண்டும். ஏணி ஏறிப் போகும் அந்த மாடி ரூம்களில் நம் திருநெல்வேலிக் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

நானும் இந்தத் திட்டமிடல் துறையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். கூட்டம் போடுவது சுலபம். பகல் 11 மணிக்குப் போட்டால், விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்றுவிட்டு வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார், தையல் வேலைக்காரர் மெஷினில் இருப்பார். சரி, ராத்திரி போடலாம். அப்போதும் மக்கள் பிரதிநிதி என்று முன் வரிசையில் உட்காருபவர் தரைத்தள வீட்டுக்காரர். அவர் எதிரில் மாடிக் குடித்தனக்காரர் வாயைத் திறப்பாரா? அடுத்த மாதம் அதே வீட்டில் இருக்க வேண்டாமா? (மினிட்ஸ் புத்தகத்தில் மட்டும் "ஏகமனதாக" என்று ஏறிவிடும்!)

குடிசை மாற்றுத் திட்டங்களில் 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. தாராவிக்கு அரசு அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்கு ஏலத்தில் ஜெயித்தது. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் சர்வே தொடங்கியது. தகுதி யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு, அப்புறம் வந்து கருத்துக் கேட்டால், அது எனக்குக் கருத்துக் கேட்பாகத் தெரியவில்லை. எண்ண வருபவரே தீர்ப்பும் எழுதுவார் என்றால் கதவை யார் திறப்பார்கள்?

வேறு வழி இருந்திருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம், செம்பூரை அடுத்த ஜனதா காலனியில் குடியிருந்தவர். 1976-ல், எமர்ஜென்சியில், அந்தக் காலனியையே இடித்துச் சனங்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அந்த அனுபவம் பட்டவரின் குடிசைவாசிகள் கூட்டமைப்பு 1986-ல் தாராவியைத் தானே எண்ணியது. 5 லட்சத்துக்கு மேல் கணக்கு வந்தது. அவருக்கு 2000-ல் மகசேசே விருதும் கிடைத்தது. அந்த மாதிரி மாடியையும் சேர்த்துச் சனங்களே எண்ணி, அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விதியை எழுதியிருந்தால் இன்று இத்தனை சந்தேகம் இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். தாராவியில் உறவு இருப்பவர்கள் இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது பீரோவையும் டிரங்குப் பெட்டியையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். 2000-க்கு முந்தைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாடகை ரசீது, எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள்.