துரத்தாத வீரன் கோழையா?

கணிப்பொறியில் போர் விளையாட்டு ஆடும் மாணவர்களிடையே ஒரு கருத்து உலவி வருகிறது. படைவீரர்களைத் தற்காப்பு நிலையில் நிறுத்துவது கோழைத்தனம். எதிரியைக் கண்டதும் பாய்ந்து துரத்துவதே வீரம் என்பது அக்கருத்து. இது தவறு என்று நான் நினைக்கிறேன். ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டின் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். 1999இல் வெளிவந்த இது, 2019இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் ஆடப்படுகிறது. இடைக்காலப் போர்களே இதன் களம். (2022இல் வந்த விரிவாக்கம் ஒன்றில் இராஜேந்திர சோழனும் வருகிறார்.) இதில் படைவீரர்களுக்கு நான்கு நிலைகளில் ஒன்றை நாம் கட்டளையிடலாம். தாக்கும் நிலையில் இருப்பவன் எதிரியைக் கண்டால் விடாமல் துரத்துவான். தற்காப்பு நிலையில் இருப்பவன் சிறிது தொலைவு மட்டும் துரத்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான். மூன்றாம் நிலையில் நிற்பவன் இடம் பெயரவே மாட்டான். ஆயுதம் எட்டும் தூரத்துக்குள் வந்தவனை மட்டும் அடிப்பான். நான்காவது நிலையில் இருப்பவன் தானாக யாரையும் அடிக்கமாட்டான்.

முளையில் கட்டிய மாட்டைப் பார்த்திருப்பீர்கள். கயிறு எவ்வளவு நீளமோ அதுவரைதான் அது மேயும். தற்காப்பு நிலை என்பது அப்படி ஒரு கயிறு. தாக்கும் நிலையோ கயிறு அறுந்த மாடு.

விளையாட்டு வீரனுக்குள் மூளை ஒன்றும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ‘எதிரி கண்ணில் படுகிறானா?’ என்ற கேள்வியை அவனுக்காகக் கணிப்பொறி ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. தற்காப்பு நிலையில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: ‘என் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்?’ இரண்டு நிலைகளுக்கும் அடிப்படையான வேறுபாடு இதுதான்.

இந்த இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகும்? கெட்டிக்கார எதிரி ஒரே ஒரு குதிரைவீரனை உங்கள் படைக்கு அருகே அனுப்புவான். உங்கள் வில்லாளிகள் அவன் பின்னால் ஓடுவார்கள். அவன் நேராகத் தன் கோட்டையடிக்குப் போவான். சாதாரண வில்லாளியின் அம்பு 4 கட்டம் பாயும். கோட்டையின் அம்போ 8 கட்டம். மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. படையைச் செலுத்தியது நீங்கள் அல்ல, அந்தக் குதிரைவீரன்தான்!

கோட்டை இல்லாவிட்டாலும் நட்டம் உண்டு. பிரெடெரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1916இல் வெளியிட்ட நூலில் ஒரு விதியை விளக்கினார். தொலைவிலிருந்து குறிபார்த்துத் தாக்கும் படையின் வலிமை, அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே அது. ஏன் வர்க்கம்? ஆள் கூடினால் நாம் எய்யும் அம்புகள் கூடுகின்றன. அதோடு, எதிரியின் அம்புகளும் அதிகம் பேரிடையே பங்கிடப்பட்டுவிடுகின்றன. லாபம் இரண்டு வழியிலும் வருகிறது.

இப்போது கணக்கு. உங்களிடம் 20 வில்லாளிகள், எதிரியிடமும் 20. திறமை சமம். உங்கள் ஆட்கள் சேர்ந்து நிற்கிறார்கள். எதிரியின் ஆட்களோ துரத்தும் வேகத்தில் பிரிந்து, முதலில் பத்துப் பேரும் பிறகு பத்துப் பேருமாக வந்து சேருகிறார்கள். 20இன் வர்க்கம் 400. பத்தின் வர்க்கம் 100. முதல் மோதலில் 400இல் 100 போக 300. அதன் வர்க்கமூலம் சுமார் 17. அடுத்த மோதலில் இன்னொரு 100 கழிந்தால் 200. வர்க்கமூலம் சுமார் 14. உங்களுக்குச் சமமான படை முழுவதும் அழிந்த பிறகும் உங்களிடம் 14 பேர் மிச்சம்! கத்தியோடு நேருக்கு நேர், ஒருவனுக்கு ஒருவனாக மோதும் சண்டைக்கு இந்த வர்க்க விதி பொருந்தாது. அதையும் லான்செஸ்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, இவ்வளவு எளிய உண்மை அக்காலப் படைத்தலைவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1066 அக்டோபர் 14 அன்று, இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் அருகே ஒரு குன்றின் மேல், மன்னன் ஹரால்டின் காலாட்படை கேடயங்களை நெருக்கிப் பிடித்து மதில்போல் நின்றது. நார்மண்டியின் கோமகன் வில்லியம் தன் வில்லாளிகளையும் குதிரைப்படையையும் மேட்டை நோக்கி மீண்டும் மீண்டும் ஏவியும் அந்த மதில் எளிதில் உடையவில்லை. ஒரு கட்டத்தில் வில்லியமின் இடப்பக்கப் படை சிதறி ஓடியது. அதைக் கண்ட ஆங்கிலேயரில் ஒரு பகுதியினர் குன்றிலிருந்து இறங்கித் துரத்தினார்கள். கீழே வந்தவர்களைக் குதிரைப்படை வளைத்து வெட்டிச் சாய்த்தது. பின்னர் நார்மானியர் ஓடுவதுபோல் நடித்தே மேலும் பலரைக் கீழே இழுத்ததாக அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். அது திட்டமிட்ட நடிப்புத்தானா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அன்றே ஹரால்ட் மாண்டான். இங்கிலாந்தின் ஆட்சி கைமாறியது.

ஹரால்டிடம் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை. காலையிலிருந்து அடிபட்டு நின்றவனுக்கு, எதிரி முதுகைக் காட்டி ஓடும்போது கால் நிற்குமா? விளையாட்டு நமக்குப் பெரிய பொய் சொல்வது இந்த இடத்தில்தான். கட்டளைக்குக் கீழ்ப்படிவதை அது இலவசமாகத் தந்துவிடுகிறது. கோபமும் அச்சமும் கொண்ட மனிதர்களை ஓரிடத்தில் நிற்கச் செய்வதுதான் உண்மைப் போரில் மிகக் கடினமான வேலை. துரத்துவதற்கு வீரம்கூட வேண்டியதில்லை, ஆத்திரம் போதும்.

அப்படியானால் தற்காப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டு நாம் கையைக் கட்டிக்கொள்ளலாமா? அதுவும் ஆகாது. எதிரியின் கல்லெறி பொறிக்கு 7 கட்ட எட்டு உண்டு. இடம் பெயராதே என்று நீங்கள் சொன்ன வில்லாளி, கல் தலையில் விழும்போதும் அசையாமல் நின்று சாவான். (உங்கள் சொந்தக் கல்லெறி பொறியும் ஆபத்தானதே. கைகலப்பு நடக்கும் இடத்தில் அது உங்கள் ஆட்களின் மேலும் கல்லைப் போடும். அதனால் அதைத் தாக்கா நிலையில் வைத்து, வேண்டியபோது நாமே ஏவுவது நல்லது.) விதிக்குத் தெரிந்தது தூரம் மட்டும். அந்த இடம் இன்னும் காக்கத் தகுந்ததா என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் நீங்கள்.

ஐந்தாம் ஹென்றி அப்படிக் கேட்டான். 1415 அக்டோபர் 25 அன்று பிரான்சில் அஜின்கோர்ட் என்னுமிடத்தில் அவனுடைய சிறிய படை, கூர்மையான கழிகளை முன்னே நட்டுக் காத்திருந்தது. பிரெஞ்சுப் படை மணிக்கணக்கில் அசையவில்லை. நேரம் போகப் போக நட்டம், பசித்திருந்த ஹென்றியின் படைக்குத்தான். ஆகவே அவன் கழிகளைப் பிடுங்கச் சொல்லி, படையை அம்பு எட்டும் தூரம்வரை முன்னே நகர்த்தி, அங்கே மறுபடி நடச் செய்தான். அம்புகள் பாய்ந்தன. பொறுமையிழந்த பிரெஞ்சு வீரர்கள், மழையில் ஊறிய உழவு வயலின் சேற்றில் இறங்கி வந்து மாட்டிக்கொண்டார்கள்.

இவ்விரு போர்களும் இந்த விளையாட்டிலேயே தனி ஆட்டங்களாக இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். களத்தை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. ஒரு பக்கம் 20 வில்லாளிகளை இடம் பெயரா நிலையில் நிறுத்துங்கள். மறுபக்கத்தை உங்கள் நண்பர் பத்துப் பத்தாக அனுப்பட்டும். மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். 14 வருகிறதா? வராவிட்டால் கணக்கு எங்கே பிசகியது? பின்வரிசையில் நின்றவனுக்கு எதிரி எட்டவில்லையா, அல்லது ஏற்கெனவே செத்தவன் மேல் அம்புகள் வீணாயினவா?