எண்ண வேண்டியது எதை?

ஏழை நாடுகளின் நோயைப் போக்குவதற்கென்று பணக்கார நாடுகள் பணமும் மருந்தும் நிபுணர்களும் அனுப்புகின்றன. கொடுக்கிறவர்கள் "இத்தனை கோடி கொடுத்தோம்" என்கின்றார்கள். வாங்குகிறவர்கள் "இத்தனை லட்சம் ஊசி குத்தினோம்" என்கின்றார்கள். "நோய் எவ்வளவு குறைந்தது?" என்று கேட்டால் மாத்திரம் இரு தரப்பாரும் விழிக்கின்றார்கள்.

வைசூரியின் சங்கதியைப் பாருங்கள். நூற்றுக்கு 80 பேருக்கு அம்மை குத்திவிட்டால் நோய் ஒழியும் என்று இந்திய சர்க்கார் 1962ல் திட்டம் போட்டார்கள். காகிதத்தில் கோடிக்கணக்கில் குத்தல்கள் ஏறின, வைசூரி போகவில்லை. ஏனெனில், பள்ளிக்கூடத்தில் வரிசையாய் நிற்கிற பிள்ளைக்கே திரும்பத் திரும்பக் குத்தினாலும் கணக்கு ஏறும். கூலிக்குப் போன தாயும், நடைபாதையில் படுப்பவனும் கணக்கில் அகப்படமாட்டார்கள்.

1967ல் உலக சுகாதார ஸ்தாபனம் முயற்சியைத் தீவிரப்படுத்திய பிறகே கேள்வி மாறிற்று. "எத்தனை பேருக்குக் குத்தினாய்?" என்பது போய், "நோயாளி எங்கே இருக்கின்றான்?" என்பது வந்தது. அதற்குச் சற்று முன், 1966 முடிவில், நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் மருந்து போதாமல் போகவே, வில்லியம் ஃபேகி என்னும் டாக்டர் நோய் கண்ட இடங்களை மாத்திரம் வளைத்துக் குத்தி நோயை அடக்கிக் காட்டியிருந்தார். இந்தியாவில் 1973 முதல் வீடு வீடாய்த் தேடினார்கள். நோயாளியைக் காட்டினவருக்கு வெகுமதியும் கொடுத்தார்கள். தேடத் தேட நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிற்று. அதற்கு வெட்கப்பட்டு மறைத்திருந்தால் நோய் ஒழிந்திருக்குமா? 1975ல் இந்தியாவிலும், 1977ல் சோமாலியாவிலும் ஊரில் பரவிய வைசூரி முடிந்தது. 1980ல் உலகத்திலேயே இல்லையென்று தீர்மானமாயிற்று. மாரியாத்தாளின் கருணை என்பவர்களைக் கேட்கின்றோம்: கூழ் ஊற்றாத சோமாலியாவிலும் அது போனது எப்படி?

நிற்க, மலேரியாவைப் பாருங்கள். 1955ல் உலக முழுவதும் ஒழிப்பதென்று தீர்மானித்து டி.டி.டி. அடித்தார்கள். இந்தியாவில் 1961ல் நோயாளிகள் சுமார் 50 ஆயிரமாய்க் குறைந்தார்கள். வெற்றி என்று எண்ணிக் கவனமும் பணமும் தளர்ந்தன. கொசுவும் மருந்துக்குப் பழகிற்று. கிராமத்தில் நிலையான சுகாதார ஏற்பாடும் போதவில்லை. 1976ல் 64 லட்சமாய் ஏறிற்று.

ஆகவே தோழர்களே, எந்தத் தேசத்தார் கொடுத்த திட்டமாயினும் உங்கள் ஊருக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். முன்னே எத்தனை பேருக்கு நோய்? இப்போது எத்தனை பேருக்கு? பணம் கொடுத்தவர் போன பின் யார் பார்ப்பார்? இவைகளுக்குப் பதில் சொல்லாமல் செலவுக் கணக்கை மாத்திரம் நீட்டுகிறவர்களை, அர்ச்சனைச் சீட்டை எண்ணிப் பக்தியை அளக்கிறவர்களோடு சேர்த்தே வைக்க வேண்டும்.