வலிக்காமல் பறிபோகும் பார்வை!

பெரியகுளம் பக்கத்தில் யாருக்காவது கண் மங்கினால், "புரை விழுந்திருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால், எல்லா மங்கலும் புரை அல்ல.

கிளாக்கோமா என்று ஒரு நோய் உண்டு. தமிழில் "கண் நீர் அழுத்த நோய்" என்பார்கள். புரையால் மறைந்த பார்வை ஆபரேஷனில் திரும்பும். இதனால் போன பார்வை போனதுதான்!

மடை அடைத்தால்?

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. (அழும்போது வருகிற கண்ணீர் அல்ல, இது வேறு.) ஊறும் நீர், நுண்ணிய வழிகளில் வடிந்துவிட வேண்டும். குளத்து மடை அடைத்துக்கொண்டால் கரை என்ன பாடுபடும் என்பதைப் பெரியகுளத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? கண்ணிலும் அதே கதைதான். அழுத்தம் ஏறுகிறது. பின்னால் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது.

பெரும்பாலும் வலியே இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. நேர்ப் பார்வை நன்றாகவே இருக்கும். பத்திரிகை படிக்கலாம், ரூபாய் நோட்டை எண்ணலாம். ஆனால் கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. "வயதாகிவிட்டது" என்று சும்மா இருந்துவிடுவார்கள்.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரின் கண்களைச் சோதித்தார்கள். 2003-ல் முடிவு வெளிவந்தது. 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு இந்த நோய்! அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

முகாம் போதுமா?

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1985-ல் தேனிக்கும் வந்தது. ஊர் ஊராக நடந்த இலவச முகாம்கள் புரையை விரட்டின. அதற்கு ஒரு ஆபரேஷன் போதும். கிளாக்கோமா அப்படி அல்ல. பலருக்கு ஆயுள் முழுவதும், தினமும் சொட்டு மருந்து. அது போதாவிட்டால் லேசர் அல்லது ஆபரேஷன். இத்தனையும் செய்தாலும் பார்வை கூடாது; இருப்பது நிற்கும், அவ்வளவுதான். "பலன் தெரியவில்லையே" என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்!

வீட்டில் ஒருவருக்கு இருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு 40 வயது வந்தால் போதும். டாக்டர் அழுத்தத்தையும் அளப்பார், நரம்பையும் பார்ப்பார். கண்ணாடிக் கடையில் நம்பர் பார்ப்பது இந்தச் சோதனை ஆகாது.