எது உண்மையான இரண்டாம் பாகம்?

மதுரை மண்ணில் வளர்ந்தவர்களுக்குப் பட்டிமன்றம் சொல்லித் தர வேண்டிய கலை அன்று. கோயில் திருவிழா ஆனாலும் கல்லூரி விழா ஆனாலும், இரண்டு அணியும் ஒரு நடுவரும் இல்லாவிட்டால் நமக்கு விழா நிறைவதில்லை. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சாலமன் பாப்பையா அவர்கள் பட்டிமன்றத்தின் மூலமே உலகத் தமிழர் அனைவரும் அறிந்த நடுவரானார்; 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது. இத்தகைய ஊரில் நான்கு பேர் கூடினால் இரண்டு கட்சி தோன்றுவதில் வியப்பில்லை. அப்படித் தோன்றி இன்னும் ஓயாத வழக்குகளுள் ஒன்று, இயக்குநர் ஷங்கரின் ‘எந்திரன்’ சிறந்ததா, அதன் இரண்டாம் பாகமாகிய ‘2.0’ சிறந்ததா என்பது.

சினிமா வழக்குக்குப் பள்ளி ஆண்டு மலரில் என்ன வேலை என்று அருட்சகோதரிகளும் பெற்றோரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வழக்கின் அடியில், பெண் பிள்ளைகளாகிய நம்மை நேரே தொடும் செய்தி ஒன்று புதைந்து கிடக்கின்றது. இரு கட்சியாரும் அதைத் தொடாமலே வாதாடுகின்றனர். அதை வெளியே எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். தமிழ்த் திரைக்கு விஞ்ஞானக் கதை புதிதன்று. 1963லேயே, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தார் பறக்கும் தட்டில் வந்து ஒரு பாடகியைத் தூக்கிச் சென்றார்கள். ஆயினும் விஞ்ஞானப் படம் என்றதும் இன்று நம் நாவில் முதலில் வருவது, 2010 அக்டோபர் 1ஆம் நாள் வெளிவந்த ‘எந்திரன்’தான். விஞ்ஞானி வசீகரனாகவும், அவர் படைத்த எந்திர மனிதன் சிட்டியாகவும் ரஜினிகாந்த் இரு வேடம் ஏற்றார். படத்தின் வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு. மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் உழைத்த பொறியாளர் அவர். ‘என் இனிய இயந்திரா’ என்னும் கதையில் ஜீனோ என்ற எந்திர நாயைத் தமிழருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. படம் வெளிவரும் நாளைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2008 பிப்ரவரியில் காலமானார். சிறப்புக் காட்சிகளுக்காகவும் கலை அமைப்புக்காகவும் ‘எந்திரன்’ தேசிய விருதுகள் பெற்றது.

இரண்டாம் பாகமாகிய ‘2.0’, 2018 நவம்பர் 29ஆம் நாள் வந்தது. பறவைகளை ஆராயும் முதியவர் பட்சிராஜனாக இந்தி நடிகர் அக்ஷய் குமார் நடித்தார். செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று முறையிட்டு, எவரும் செவி சாய்க்காமையால் அவர் மனமுடைந்து இறக்கிறார். பிறகு அவருடைய ஆவியின் ஆற்றல் ஊரிலுள்ள செல்பேசிகளையெல்லாம் பறித்துச் சேர்த்து, மாபெரும் பறவையாய் எழுந்து பழி வாங்குகிறது. அதை அடக்கப் பழைய சிட்டிக்கு மீண்டும் உயிர் கொடுக்கிறார்கள். இதுவே கதை.

இனி வழக்குக்கு வருவோம். முதல் அணியார் கூறுவது: “எந்திரனில் கதை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. 2.0வில் இருப்பது வெடியும் புகையுமே.” இரண்டாம் அணியார் விடுவார்களா? “முப்பரிமாணக் காமிராவைக் கொண்டே படம் பிடித்து, நம் தொழில் நுட்பத்தை உலகத் தரத்துக்கு உயர்த்தியது 2.0. அது மட்டுமா? வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசிய படம் அது. காதல் பாட்டை விட அது மேலானது அல்லவா?” என்கின்றனர். இப்படித் தொடங்கும் வாதம் விரைவில் வசூல் எவ்வளவு, கட்அவுட் எத்தனை அடி, எத்தனை குடம் பால் ஊற்றப்பட்டது என்ற கணக்கில் போய் முடிகின்றது. வசூல் கணக்கு தயாரிப்பாளருக்கு வேண்டியது. பார்த்தவர் நெஞ்சில் எது தங்கியது என்பதே நமக்கு வேண்டிய கணக்கு.

இரண்டாம் அணியாருக்கு உரிய நியாயத்தை முதலில் வழங்குவோம். பறவைகளுக்காக ஒரு பெரும் படம் எடுக்கத் துணிந்தது பாராட்டுக்குரியது. சிட்டுக்குருவியின் மதிப்பைப் பற்றி ஆண்டவரே பேசியிருப்பதை நற்செய்தி வாசிக்கும் நாம் அறிவோம். பறவை நேசம் நமக்கு எட்டாத பொருளும் அன்று. நம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறும் கழுகும் உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அக்குன்றுகளிலும் நீர்நிலைகளிலும் காணப்படுகின்றன. படம் பார்த்து வந்த ஒரு பிள்ளை அண்ணாந்து வானத்தைப் பார்த்திருந்தால், அந்த அளவில் 2.0 வெற்றி பெற்றது என்றே சொல்வோம்.

ஆனால் விஞ்ஞானப் படம் என்ற பெயரைத் தாங்கும்போது விஞ்ஞானத்துக்கும் சிறிது கடமைப்பட வேண்டும் அன்றோ? பறவை ஆய்வு நிறுவனங்கள் பல கூடி 2020இல் வெளியிட்ட இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை என்ன சொல்கிறது? சிட்டுக்குருவிகளின் தொகை நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிதும் மாறாமல் இருக்கிறது. பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது. அதற்குச் செல்பேசிக் கோபுரமே காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை. குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகள் அருகியதும், கூடு கட்ட இடம் இல்லாமற் போனதும் காரணங்களாய் இருக்கலாம். ஓட்டு வீட்டையும் முற்றத்தையும் இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்பிய நாமும் இவ்வழக்கில் பிரதிவாதிகள்தாம். குற்றத்தையெல்லாம் ஒரு கோபுரத்தின் தலையில் ஏற்றிவிட்டால் நம் பங்கு மறைந்து போகும்.

மற்றொரு குறையும் உண்டு. பறவைகளுக்காக மனு எழுதியவரும் நீதி கேட்டு அலைந்தவரும் பட்சிராஜன் ஒருவரே. அவரையே அரக்கனாக்கி, அவருடைய கேள்விக்குச் சண்டையால் விடை சொல்கிறது படம். முடிவில் அவர் பக்கத்து நியாயமும் இரண்டொரு சொல்லில் ஒப்புக் கொள்ளப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் அதற்குள் விளையாட்டரங்கத்தில் நடந்த போரின் இரைச்சலில் அச்சொல் காதில் விழாமற் போகிறது.

‘எந்திரன்’ அப்படியன்று, அது கேள்வி கேட்கும் படம். ஆய்வுக் குழுவின் முன் சிட்டியைச் சோதிக்கும் போரா என்னும் விஞ்ஞானி, வசீகரனையே கத்தியால் குத்துமாறு கட்டளையிடுகிறார். சிட்டி தயங்காமல் கத்தியை ஓங்குகிறது. ஏவியதைச் செய்வது மட்டும் அறிவாகுமா? நன்மை தீமை அறியாத திறமையால் யாருக்கு என்ன பயன்? பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் நமக்கும் இக்கேள்வி பொருந்தும்!

பின்னர்ச் சிட்டிக்கு உணர்ச்சி ஊட்டப்படுகிறது. அது தம் காதலுக்குப் போட்டியாய் வந்தபோது, வசீகரன் தாம் படைத்ததைத் தாமே வெட்டிக் குப்பையில் எறிகிறார். இது 1818ல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையை நமக்கு நினைவூட்டுகிறது. அங்கும் படைத்தவன் தன் படைப்பைக் கைவிடுகிறான், கைவிடப்பட்டது கொடியதாகிறது. அக்கதையை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18 என்பதைத் தோழியர் மனத்திற் கொள்க. ‘ரோபோ’ என்ற சொல்லே, 1920ல் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தின் வழியாகக் கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். எந்திரத்தைப் பற்றிய கதைகளெல்லாம் உண்மையில் அதைப் படைத்த மனிதனைப் பற்றிய கதைகளே.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். எந்திரனில் ஒரு தீ விபத்துக் காட்சி உண்டு. எரியும் கட்டடத்துக்குள் பாய்ந்து சிட்டி பலரைக் காப்பாற்றுகிறது. அவர்களுள் குளித்துக் கொண்டிருந்த ஒரு பெண்ணும் இருக்கிறாள். உயிரைக் காப்பதே குறியான எந்திரம், உடையற்ற நிலையிலேயே அவளைத் தூக்கிக் கொண்டு கூட்டத்தின் நடுவே வருகிறது. தொலைக்காட்சிக் காமிராக்கள் அவளை நோக்கித் திரும்புகின்றன. அவமானம் தாளாமல் ஓடிய அவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டிக்கு உணர்ச்சி இல்லாததே இதற்குக் காரணம் என்று படம் முடிவு கட்டுகிறது. உணர்ச்சி ஊட்டும் முயற்சியும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சிட்டிக்கு வெட்கம் தெரியாது, ஒப்புக் கொள்கிறோம். ஆனால் காமிராவைப் பிடித்த கைகள் எந்திரத்தின் கைகளா? அவை அக்காள் தங்கையோடு பிறந்த மனிதர்களின் கைகள் அல்லவா? அவர்களுக்கு உணர்ச்சி ஊட்ட வேண்டியதில்லை. இறைவன் முன்னமே ஊட்டியிருக்கிறான். இருந்தும் ஒருவர் கூடக் காமிராவைத் தாழ்த்தவில்லை. ஒரு துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்த யாரும் முந்தவில்லை. அறியாமல் செய்த எந்திரத்தைத் திருத்தப் படம் முழுவதும் செலவாகிறது. அறிந்தே செய்த மனிதரை எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் நீதிமன்றமும் வசீகரனை விடுவித்துவிட்டுச் சிட்டியைக் கழற்றும்படி தீர்ப்பளிக்கிறது. குற்றவாளிக் கூண்டில் எந்திரம் நின்றது. காமிராக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்திலிருந்து தொடர்ந்திருந்தால் அதுவே உண்மையான இரண்டாம் பாகம் ஆகியிருக்கும் என்பது நம் கருத்து. அதிலும் 2.0 செல்பேசியைப் பற்றிய படம்! 2010ல் தொலைக்காட்சிக்காரரிடம் இருந்த காமிரா, 2018க்குள் வழிப்போக்கர் எல்லாருடைய சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆயினும் அப்படத்தின் வழக்கு கோபுரத்தின் மேலேயே நின்றுவிட்டது. கையில் இருக்கும் கருவி வரை இறங்கி வரவில்லை. ஆயிரமாயிரம் செல்பேசிகள் பறந்தன. அவற்றுள் ஒன்று கூடத் தீயிலிருந்து மீண்ட அந்தப் பெண்ணை நினைக்கவில்லை.

இது திரையோடு போகிற காரியம் என்றால் நாம் எழுத மாட்டோம். விபத்தில் அடிபட்டவரைத் தூக்குமுன் படம் பிடிக்கும் கூட்டத்தை நம் ஊர்ச் சாலைகளிலும் பார்க்கின்றோம். இன்று செயற்கை அறிவு எந்திரங்கள், எடுக்காத படத்தையே எடுத்ததுபோல் புனைந்து தருகின்றன. பதினான்காம் லியோ திருத்தந்தை அவர்கள் 2025 மே மாதம் கர்தினால்மார்களிடம் பேசுகையில், தொழிலாளர் துயர் குறித்து 1891ல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவு கூர்ந்தே இப்பெயரைத் தேர்ந்ததாகக் கூறினார். செயற்கை அறிவால் மனித மாண்புக்கு எழுந்துள்ள புதிய அறைகூவல்களையும் அங்கேயே சுட்டிக் காட்டினார். மனித மாண்பு என்பது பெரிய சொல். நம் போன்ற பிள்ளைகளுக்கு அதன் பொருள், “என் படம் என் அனுமதியின்றி எவர் கையிலும் இருக்கலாகாது” என்பதே.

சட்டமும் இதையே சொல்கிறது. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படம் பிடிப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இப்பிரிவு 2009 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதாவது எந்திரன் வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே! துன்பத்தில் இருக்கும் பிள்ளைகள் 1098 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

எனினும் சட்டத்தை விட முக்கியமானது வீட்டார் சொல்லும் சொல். பெற்றோரே, உங்கள் மகளுக்கு இப்படி ஒரு துன்பம் நேர்ந்தால் “நீ ஏன் அங்கே போனாய்?” என்று தொடங்காதீர்கள். “நீ தலை குனிய வேண்டியதில்லை, எடுத்தவன்தான் குனிய வேண்டும்” என்று முதலில் சொல்லுங்கள். அந்தக் கதையில் வரும் பெண்ணிடம் யாராவது ஓடிச் சென்று இதைச் சொல்லியிருந்தால் அவள் சாலைக்கு ஓடியிருக்க மாட்டாள். அடக்கமும் நாணமும் நம் அணிகலன்கள் என்று கற்கிறோம், மகிழ்ச்சியே. ஆனால் அணிகலன் திருடு போனால் தண்டனை திருடனுக்கா, பறிகொடுத்தவளுக்கா? தோழியரே, எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மானம் என்பது நம்முடைய உண்மையில் இருக்கிறது. அடுத்தவன் கருவியில் இல்லை.

இனித் தீர்ப்பு. இரண்டு படங்களுள் எந்திரனுக்கே நம் வாக்கு. அது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தன்னைத் தானே கழற்றிக் கொள்ளும் சிட்டிக்காகக் கண் கலங்கவும் வைக்கிறது. ஆயினும் அது எழுப்பிய கேள்விகளுள் மிகப் பெரியதற்கு அதுவும் விடை சொல்லவில்லை. அதன் பின் வந்த 2.0வும் சொல்லவில்லை. ஆகவே உண்மையான இரண்டாம் பாகம் இன்னும் எழுதப்படவில்லை என்பதே நம் தீர்ப்பு. எந்திரனின் இறுதியில், 2030ஆம் ஆண்டு பொருட்காட்சி சாலைக்குச் சுற்றுலா வந்த ஒரு பள்ளிப் பிள்ளை, சிட்டியை ஏன் கழற்றினார்கள் என்று கேட்கிறது. அந்த ஆண்டு தொலைவில் இல்லை. அப்பிள்ளையைப்போல் “ஏன்?” என்று கேட்க நாமும் பழகுவோம். 18 வயதில் மேரி ஷெல்லி பேனா எடுத்தாள். இம்மலரை வாசிக்கும் தங்கை ஒருத்தி நாளை எடுக்கட்டும். அவள் எழுதும் கதையில், தீயிலிருந்து மீண்ட பெண்ணுக்கு முன்னே காமிராக்கள் தாழட்டும். ஒரு கை முன்வந்து போர்வையை நீட்டட்டும்.