பனி வழிக்கும் வண்டிக்குப் பின்னால்



மார்கழி, தை மாதங்களில் கனடாவிலுள்ள மகளோ மருமகளோ தொலைபேசியில், "வெளியில பனி கொட்டுது அம்மா, வேலைக்குப் போகவேணும்" என்றால், "கவனமாப் போ பிள்ளை" என்று மட்டும்தான் நாம் சொல்கிறோம். எதில் கவனம் என்று தெரிந்து சொன்னால் இன்னும் நல்லதல்லவா?

ஒன்ராறியோ மாகாணத்தில் பனி கொட்டியதும் வீதியை வழித்துத் துப்புரவாக்க, நீல விளக்கு மின்னும் பெரிய லொறிகள் இறங்கும். முன்னால் அகன்ற இரும்புத் தகடு. பலவற்றில் பக்கத்திலும் சிறகுபோல இன்னொரு தகடு நீண்டிருக்கும். வண்டி கிளப்பும் பனித்தூளில் அந்தச் சிறகு கண்ணுக்குத் தெரியாது. இடமிருக்கிறதென்று முந்தப்போகிறவர் அதிலேயே மோத நேரும்.

பெருந்தெருக்களில் இரண்டு, மூன்று வண்டிகள் படிக்கட்டுப்போல ஒன்றுக்கொன்று சற்றுப் பின்தள்ளி ஓடும். அங்கே வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகச் செல்பவை. ஆகவே நடுப்பக்க வண்டி தள்ளும் பனியை அடுத்தது வாங்கி, கடைசியில் வலது கரையில் ஒதுக்கும். இரண்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி வெறும் பாதையல்ல. அதற்குள் வயல் வரம்புபோலப் பனி கிடக்கும். வேகமாக வரும் கார் அதில் ஏறினால் கைப்பிடிக்கு அடங்காது.

இவை மெதுவாகத்தான் போகும். வேலைக்குப் பிந்திவிடுமே என்ற அவதியில்தான் பலர் முந்துகிறார்கள். முந்தி என்ன கண்டது? முன்னால் இருப்பது வழிக்காத, உப்புப் போடாத வீதி. அன்றைக்கு நல்ல வீதி வண்டிக்குப் பின்னால்தான். அதற்காக ஒட்டிக்கொண்டும் போகக்கூடாது. உப்பும் மணலும் கண்ணாடியில் தெறிக்கும். லொறியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியாவிட்டால், சாரதிக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள். ஒன்ராறியோ 511 சேவையில் வீதி நிலைமையைப் பார்த்து, அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படுவதே வழி.

பனிக்கால ரயர் பற்றியும் கேளுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. அதைச் சாட்டாக வைத்துக் காசு மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பேரப்பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள். வீதியோரம் குவிந்த பனிமேட்டில் குகை தோண்டி விளையாடப் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. வண்டி திரும்பி வரும்போது உள்ளே பிள்ளை இருப்பது சாரதிக்குத் தெரியாது. மேடும் தானாக இடிந்து விழும். விளையாட்டு வீட்டின் பின்வளவில் இருக்கட்டும்.