இழுத்த நாய்க்கும் ஹக்கு உண்டு



கடந்த வாரம் தரம் 8 பிள்ளைகளுக்குப் பனிப்பிரதேச வாழ்க்கை பற்றிய ஒரு காணொளியைக் காட்டினோம். பத்துப் பன்னிரண்டு நாய்கள் சேர்ந்து பனியில் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடின. ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நாயை இப்படி இழுக்க வைக்கிறது பாவமில்லையா?" என்று கேட்டது. பின்வாங்கில் இருந்து ஒரு குரல் வந்தது: "நாய்தானே!" வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பு எம்மை யோசிக்க வைத்தது.

இந்தக் கேள்வி புதியதல்ல. லண்டனில் நாய் வண்டிகளை 1839ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1854இல் அது முழு இங்கிலாந்துக்கும் வந்தது. பெல்ஜியத்திலோ நாய்கள் தொடர்ந்து பால் வண்டி இழுத்தன. 1914இல் அந்நாட்டு இராணுவத்தின் இயந்திரத் துப்பாக்கிகளையும் இழுத்தன.

இழுப்பது மட்டும் கொடுமை என்று நாம் சொல்ல மாட்டோம். முறையாகச் செய்த வார்ப்பட்டை கழுத்தை நெரிக்காது. பாரம் நெஞ்சிலும் தோளிலும்தான் விழும். இன்று நடக்கும் பாரம் இழுக்கும் போட்டிகளில், சில சங்கங்களின் விதிப்படி, உரிமையாளர் நாயைத் தொடவே கூடாது. தூர நின்று கூப்பிடலாம், அவ்வளவுதான். அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிட்டரொட் ஓட்டத்தில் சுமார் 1,600 கி.மீ. ஓட வேண்டும். இடையில் 24 மணித்தியாலக் கட்டாய ஓய்வு உண்டு, மிருக வைத்தியர்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாய்கள் இறந்திருக்கின்றன. ஆகவே அதை எதிர்ப்பவர்களின் கேள்வியும் நியாயமானதே.

ஆனால் எமது கேள்வி வேறு. வேலை முடிந்த பிறகு அந்த உயிருக்கு என்ன நடக்கிறது?

1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் டிப்தீரியா எனும் தொண்டை நோய் பரவியது. சுமார் 20 ஓட்டுநர்களும் 150 நாய்களும் அஞ்சலோட்டம் போல மாறி மாறி ஓடி, 1,085 கி.மீ. தூரத்தை ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது டோகோ எனும் நாயின் குழு. கடைசிக் கட்டத்தை ஓடிய பல்டோவுக்கு அதே ஆண்டு நியூயோர்க்கில் சிலை வைத்தார்கள்.

1927இல் அதே பல்டோவும் கூட்டாளிகளும் லொஸ் ஏஞ்சலிஸில், காசு வாங்கிக் காட்டும் ஒரு சிறு கண்காட்சியில் மெலிந்து போய்க் கட்டிக் கிடந்தன. ஒரு வியாபாரி அதைக் கண்டார். கிளீவ்லண்ட் நகர மக்கள் பணம் சேர்த்து ஏழு நாய்களையும் மீட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் தம் சில்லறைக் காசைக் கொடுத்தார்கள்.

சிலை எழுப்பியது பெரியவர்கள். மீட்கக் காசு போட்டவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை அப்படி வளர்த்தது யார்?

எமக்கு இது புதுப் பாடம் அல்ல. பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்கப்பட்ட ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதன் உரிமையாளரை அழைத்துக் கண்டித்ததை அபூதாவூதில் படித்திருக்கிறோம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம்! இருந்தும் மத்ரஸா விட்டு வரும் பிள்ளையின் கையில் கல் இருக்கிறது. நாய் நக்கிய பாத்திரத்தைக் கழுவத்தான் மார்க்கம் சொன்னது, நாயை அடிக்கச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதது எமது குறை, ஆசிரியர்களான எமது குறையும்தான்.

நாய் வளர்க்கும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. கரத்தை இழுத்துக் கிழடான மாடோ, கடையைக் காவல் காத்த நாயோ, உழைத்த உயிருக்கு உழைப்பு முடிந்த பிறகும் ஹக்கு உண்டு. இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் பல்டோவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாளை வகுப்பில் நாமும் சொல்கிறோம், சிரித்த பிள்ளைக்கு முதலில்.