டெலீட்... ஸ்பேஸ்... டெலீட்... ஸ்பேஸ்!

நாளைக்குக் காலைல புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் கடையில கொடுத்தாகணும். டீம்ல ஒருத்தர் எழுதின அத்தியாயம் பிடிஎஃப்பா மட்டும்தான் இருக்கு. வேர்டு ஃபைல் இருந்த பென்டிரைவ் புட்டுக்கிச்சு. சரின்னு காப்பி பண்ணி ஒட்டினா, ஒவ்வொரு வரியும் பாதியிலேயே உடைஞ்சு நிக்குது. அப்புறம் என்ன? வரி முடிவுக்குப் போய் டெலீட், ஸ்பேஸ். அடுத்த வரி... டெலீட், ஸ்பேஸ். பக்கத்துக்கு 35 வரி, மொத்தம் 20 பக்கம்னா 1,400 தட்டு. கர்சரை நகர்த்துறது தனிக் கணக்கு!

வேணாம் பாஸ். தூங்கப் போகலாம்.

பிடிஎஃப்புக்குப் பெரும்பாலும் பாரான்னா என்னன்னே தெரியாது. தாள்ல எந்த எழுத்து எங்கே நிக்கணும்ங்கறதுதான் அதோட கவலை. அதனால காப்பி பண்ணும்போது ஒவ்வொரு வரி முடிவும் ஒரு என்டரா வந்து விழுது. அந்த என்டரையே தேடி மாத்தலாம்ங்கறதுதான் விஷயம்.

புது டாக்குமென்ட்ல ஒட்டிட்டு கன்ட்ரோல், ஹெச் அழுத்துங்க. வேர்டுல என்டருக்குப் பேர், ஷிஃப்ட்டோட 6-ஐ அழுத்தினா வர்ற கூரைக் குறியும் அதை ஒட்டி ஒரு சின்ன 'பி'-யும். எடுத்த எடுப்புல அதை ஸ்பேஸா மாத்திடாதீங்க, மொத்த அத்தியாயமும் ஒரே பாராவாயிடும்! முதல்ல பாராக்களைக் காப்பாத்தணும். ரெண்டு பாராவுக்கு நடுவுல காலி வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அங்கே மட்டும் நீங்களே ஒரு என்டர் தட்டிடுங்க, பக்கத்துக்கு நாலஞ்சுதான் இருக்கும். இப்போ அடுத்தடுத்து வர்ற ரெண்டு என்டரை '@@@'-ன்னு மாத்துங்க. அப்புறம் ஒத்தை என்டரை ஸ்பேஸா மாத்துங்க. கடைசியா '@@@'-ஐ திரும்ப என்டராக்குங்க. மூணே ரீப்ளேஸ் ஆல்!

வெப் பக்கத்துல இருந்து எடுத்ததுன்னா சில சமயம் இது வேலை செய்யாது. அங்கே இருக்கிறது ஷிஃப்ட்-என்டர். 'பி'-க்குப் பதிலா சின்ன 'எல்' போடுங்க, மாட்டும்.

தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க, தமிழ் மன்றத்து மலர் டைப் பண்றவங்க கொஞ்சம் கிட்ட வாங்க. இங்கிலீஷ்ல வார்த்தையை உடைச்சா ஹைபன் போடுவாங்க. நம்ம புத்தகங்கள்லயும் பேப்பர்லயும் பெரும்பாலும் அதெல்லாம் கிடையாது, 'மாண'-ன்னு ஒரு வரி முடியும், 'வர்கள்'-னு அடுத்தது தொடங்கும். அதுக்கு நடுவுல ஸ்பேஸ் போட்டா 'மாண வர்கள்'. படிக்கிறவங்க பாவம்! நோட்பேட் பிளஸ் பிளஸ்ல கன்ட்ரோல், ஜே அழுத்தினாலும் இதே ஸ்பேஸ்தான் வரும். இந்த விஷயத்துல 1991-ல பிராம் மூலெனார் வெளியிட்ட விம் எடிட்டர் கெட்டிக்காரத்தனமானது. பெரிய 'ஜே' தட்டினா அடுத்த வரி ஸ்பேஸோட சேரும். சின்ன 'ஜி' தட்டிட்டு பெரிய 'ஜே' தட்டினா ஸ்பேஸ் இல்லாம ஒட்டிக்கும். எந்த வரிக்கு எதுன்னு உங்க கண்ணுதான் சொல்லணும். தமிழுக்கு ரீப்ளேஸ் ஆலை நம்பாதீங்க.

இதையே திருப்பிப் போட்டா கிளாஸ் ரெப்புகளுக்கு லாபம். 62 ரிஜிஸ்டர் நம்பரும் ஒரே வரியில கமா போட்டு வந்திருக்கா? கமாவைத் தேடி என்டரா மாத்துங்க, வரிக்கு ஒண்ணா இறங்கிடும். அப்படியே சார்ட் பண்ணிக்கலாம். கமாவுக்குப் பின்னாடி ஸ்பேஸ் இருந்தா அதையும் சேர்த்தே தேடுங்க. இல்லைன்னா ரெண்டாவது நம்பர்ல இருந்து எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு நிக்கும், முதல் நம்பர் மட்டும் வரிசையில எங்கேயோ போய் உட்கார்ந்துக்கும்.